ஒன்றை மட்டும் தெரிவு செய்க

படிவம் பதினாறு பக்கம்.
முதற் பக்கத்திலேயே சறுக்கினோம்:
கருவியின் வரிசை எண்.

ஜெபநேசன் சேட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு
பியானோவின் அடியில் மல்லாந்து படுத்தான்.
டோர்ச் வெளிச்சத்தில்
ஒரு பல்லி முட்டை, காய்ந்த சூயிங்கம்,
பழைய வாக்காளர் இடாப்பின் ஒரு தாள்.
எண் இருந்த பலகையைக்
கறையான் வாசித்து முடித்திருந்தது.

இயங்கும் விசைகள் எத்தனை?
நான் எண்ணினேன், அறுபத்தொன்று.
சாந்தமலர் அக்கா எண்ணினா, அறுபத்துநாலு.
திரும்ப எண்ணினோம். திரும்பவும் அப்படியே.
பிறகுதான் பிடிபட்டது:
ஒன்று, கோபத்தோடு அடித்தால் மட்டும் பேசும்.
ஒன்று, தான் பேசாது,
பக்கத்து விசை பேசினால் கூடவே தலையாட்டும்.
மற்றது மழைக்குப் பிறகு.
"மாரியில வந்து பார்" என்றா அக்கா.
பங்குனி வெயிலில் மழைக்கு எங்கே போக?
அறுபத்தொன்று என்றே போட்டேன்.

சேதத்தின் காரணம்:
நீர், தீ, பூச்சி, போக்குவரத்து, கவனக்குறைவு.
ஒன்றை மட்டும் தெரிவு செய்க.

இரண்டரை மணித்தியாலம் கூட்டம் அதிலேயே நின்றது.

நீர் என்றார் பொருளாளர்.
கூரை ஓட்டையால் ஏழு மாரி உள்ளே பெய்தது.
ஓட்டை எதனால் என்று
படிவமும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

தீ? ஒரு கால் மட்டுந்தான் எரிந்தது.
யாரோ தேத்தண்ணி வைத்திருக்கிறார்கள்.
நல்ல மரம், நன்றாகக் கொதித்திருக்கும்.
அந்த மூலையை இப்போது மூன்று சீமெந்துக் கல் தாங்குகிறது.

போக்குவரத்து என்று போட முடியாது.
தொண்ணூற்றைந்து ஐப்பசியில்
நாவற்குழிப் பாலத்தால் போனது நாங்கள்.
அது இங்கேயே நின்றது.

"கவனக்குறைவு எண்டு போடுங்கோவன்"
பின்வரிசையில் ஒரு குரல்.
அதன்பிறகு கொஞ்ச நேரம்
மின்விசிறி மட்டும் கதைத்தது.

பூச்சி என்று போட்டோம்.
கறையானுக்குக் கட்சி இல்லை.

நீர்கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்த ஜான்ஸ்
மூடியைத் திறந்து, முகர்ந்து, மூடினார்.
நரம்பு, ஃபெல்ட், ஒலிப்பலகை, ஒரு கால்:
நாற்பத்திரண்டு லட்சம்.
எழுபது வீதம் அவர்கள் தருவார்களாம், மிச்சம் நாங்கள்.
ஞாயிற்றுக்கிழமை ஒடியல் கூழ் விற்றோம்.
நண்டுக் காசு, றால் காசு, பெட்டி விறகுக் காசு கழித்து
மிஞ்சியது
ஜான்ஸ் வந்துபோன பஸ் காசு.
"ஆறு லட்சத்துக்குப் புதுசா ஒரு எலக்ட்ரிக் பெட்டி வாங்கலாமே"
என்று சொன்னவரும் மூன்று கோப்பை குடித்தார்.

பதினான்காம் பக்கம்:
ஆண்டுக்கு எத்தனை கச்சேரிகள்?
வாசிப்போர் விபரம்?

வாசிப்போர் ஒருவர்.
தர்மினி, நீர்வழங்கல் சபையில் பட்டியல் பகுதி.
வேலை முடிந்து ஸ்கூட்டியில் வந்தாள்,
ஹெல்மெட்டைக் கல்லின் மேல் வைத்தாள்,
ஒவ்வொரு விசையாகத் தொட்டு
ஊமைகளை விரலுக்குச் சொல்லிக்கொடுத்தாள்.
பிறகு வாசித்தாள்.
பல் விழுந்த வாய் சிரிப்பதுபோல் இருந்தது.
"வீட்டில என்ர கீபோர்டுக்கும் அறுபத்தொண்டுதான்.
எனக்கு இது காணும்."
நான் படிவத்தில் எழுதினேன்:
ஆண்டுக்குப் பன்னிரண்டு.

ஆடி போய் ஆவணி போய்
மறுமொழி வந்தது: பரிசீலனையில் உள்ளது.

ஐப்பசியில் இரவிரவாய் மழை.
விடிய மண்டபத்தைத் திறந்து
ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு எண்ணினேன்.
அக்கா சொன்ன விசை பேசியது,
ஆழமாக, தொண்டை கட்டிய ஒருவர்
பெயர் சொல்வதுபோல.
பேசிக்கொண்டிருந்த இன்னொன்று
ஊதி, இறுகி, வாய் மூடியிருந்தது.

அறுபத்தொன்றேதான்.
ஆட்கள்தான் வேறு.

படிவத்தில் திருத்த ஒன்றுமில்லை.